கலர் பண்ணின முடி அறுந்து போகுது, காதோரம் அரிக்குது, தை மாசம் கல்யாணம்... என்ன பண்றது டாக்டர்?

காவேரிப்பட்டினம் பக்கத்துல இருந்து 26 வயசுப் பொண்ணு ஒருத்தங்க நாலு பக்கத்துக்கு லெட்டர் எழுதியிருக்காங்க. பேரு போட வேணாம்னு கேட்டிருக்காங்க, அடையாளம் தெரியற மாதிரி இருந்ததையெல்லாம் எடுத்துட்டு சுருக்கமா சொல்லிடறேன்.

ஓசூர்ல ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனில ஷிப்ட் வேலை, ஹாஸ்டல்ல தங்கியிருக்காங்க. இடுப்பு வரைக்கும் முடி. ஆடி ஆஃபர்ல ஒரு பார்லர்ல முடி பூரா பிளீச் பண்ணி கேரமல் பிரவுன் கலர் போட்டிருக்காங்க. முடி வறவறன்னு ஆயிடுச்சுன்னு போய் கேட்டதுக்கு, 3 வாரம் கழிச்சு அதே பார்லர்ல கெரட்டின், அதாவது கிரீம் பூசி அயர்ன் பண்ணி முடியை நேராக்கற ட்ரீட்மென்ட், பண்ணி விட்டிருக்காங்க, அயர்ன் பண்றப்ப கண்ணெல்லாம் எரிஞ்சுதாம். புரட்டாசில பொண்ணு பார்க்க வர்றாங்கன்னு அம்மா திட்ட, கடைல கருப்பு டை பாக்கெட் வாங்கி வீட்லயே போட்டுக்கிட்டாங்க. ரெண்டாம் நாள் காதுக்குப் பின்னாடி அரிப்பு, அடுத்த நாள் கண் இமை வீங்கி, காதோரம் நீர் கசிஞ்சிருக்கு. "உடம்பு சூடு"ன்னு நினைச்சு எலுமிச்சையும் வெங்காயச் சாறும் தேய்ச்சிருக்காங்க. வீக்கம் இறங்கிடுச்சு, அரிப்பு இன்னும் போகலை. முடி நனைஞ்சிருக்கறப்ப இழுத்தா நீளுது, அப்புறம் பட்டுன்னு அறுந்துடுது.

கேட்டிருக்கற கேள்விகள்: பழைய முடி திரும்ப வருமா, போர் தண்ணில இருக்கற ஃபுளோரைடுதான் காரணமா, பார்லர்ல 8000 ரூபாய்க்கு "ஹேர் போடாக்ஸ்" பண்ணா சரியாயிடும்ங்கறாங்களே பண்ணலாமா, தீர்த்தமலைல மொட்டை போட்டா அடர்த்தியா வரும்னு பெரியம்மா சொல்றாங்களே, கல்யாணத்துக்கு முன்னாடி அம்மோனியா இல்லாத ஹெர்பல் டை ஒரு தடவை போட்டுக்கலாமா, பார்லர் மேல புகார் குடுக்கலாமா, மாப்பிள்ளை வீட்ல இதைச் சொல்லணுமா.

வணக்கம்மா. லெட்டர்ல முக்கால்வாசி முடியைப் பத்தித்தான் எழுதியிருக்கீங்க, காதோரம் அரிச்சதையும் இமை வீங்கினதையும் நடுவுல ரெண்டே வரில சொல்லிட்டுப் போயிட்டீங்க. எனக்கு அந்த ரெண்டு வரிதான் பயமா இருக்கு. முடி வளர்ந்துக்கும். அலர்ஜி வந்துடுச்சுன்னா அது பெரும்பாலும் ஆயுசுக்கும் கூடவே இருக்கும். அதனால நீங்க கடைசியா கேட்ட டை கேள்விக்கு முதல்ல பதில் சொல்லிடறேன்: போடாதீங்க, எந்த டையும் போடாதீங்க, ஒரு தடவைகூட வேண்டாம்.

அந்த வீக்கம் உடம்பு சூடு கிடையாது

கருப்பு டைகள்ல பெரும்பாலானதுல பாரா ஃபினைலீன் டையமின்னு ஒரு கெமிக்கல் இருக்கும், சுருக்கமா பிபிடின்னு சொல்லுவோம். முடிக்கு அந்த அடர் கருப்பைக் குடுக்கறதே அதுதான். சிலருக்கு உடம்பு இதை எதிரியா நினைச்சுக்கும். போட்ட உடனே ஒண்ணும் தெரியாது, ஒண்ணு ரெண்டு மூணு நாள் கழிச்சு அரிக்கும், சிவக்கும், நீர் கசியும். மண்டையை விட காதுக்குப் பின்னாடி, நெத்தி ஓரம், கழுத்து, கண் இமை இங்கதான் அதிகமா தெரியும், ஏன்னா அங்க தோல் மெலிசு, அலசறப்ப டை வழியறதும் அந்த வழியாத்தான். நீங்க சொன்ன நாளும் இடமும் இதோட அப்படியே ஒத்துப் போகுது. நேர்ல பார்க்காம இதுதான்னு முத்திரை குத்த மாட்டேன், பிளீச்ல இருக்கற பெர்சல்ஃபேட்டும் அலர்ஜி பண்ணும், ஆனா சந்தேகம் பலமா இருக்கு.

"இதுக்கு முன்னாடி ரெண்டு தடவை டை போட்டேன், அப்பல்லாம் ஒண்ணும் ஆகலை, அதனால டையா இருக்காது"ன்னு எழுதியிருக்கீங்க. அலர்ஜி வர்றதே அப்படித்தாம்மா. முதல் தடவைகள்ல உடம்பு அதை அடையாளம் வச்சுக்குது, அப்புறம் ஒரு நாள் சண்டைக்கு வருது. அடுத்த தடவை இதைவிட அதிகமா வரலாம், முகம் பூரா வீங்கி கண்ணே திறக்க முடியாம வந்தவங்களைப் பார்த்திருக்கேன். மூச்சு விட சிரமம், நாக்கு தொண்டை வீக்கம்னு வந்தா வீட்ல கை வைத்தியம் பார்த்துட்டு நிக்காம 108க்கு போன் பண்ணுங்க.

அம்மோனியா இல்லைன்னு டப்பால பெருசா போட்டிருக்கறதுக்கும் பிபிடிக்கும் சம்பந்தமே இல்லை. அம்மோனியா முடியைத் திறந்து விடற வேலைக்கு, பிபிடி நிறத்துக்கு. அதை எடுத்துட்டு இதை வச்சிருப்பாங்க. ஹெர்பல், நேச்சுரல், மூலிகைன்னு எழுதியிருக்கற பாக்கெட்டையும் திருப்பிப் பின்னாடி பொடி எழுத்துல இருக்கறதைப் படிங்க. மருதாணின்னு சொல்லி கருப்பா நிறம் குடுக்கற பொடி எதுவா இருந்தாலும் சந்தேகப்படுங்க, மருதாணி இலையோட சொந்த நிறம் ஆரஞ்சு சிவப்புதான், அது தனியா கருப்பாகாது.

இதுல உங்க கல்யாணத்துக்கு நேரா சம்பந்தப்பட்ட விஷயம் ஒண்ணு இருக்கு. மெஹந்தி கோன். கையில வச்ச அரை மணி நேரத்துல கருகருன்னு பிடிக்குதுன்னு விக்கற கோன்ல பிபிடி கலந்திருக்க வாய்ப்பு உண்டு, உங்களுக்கு அது கை பூரா கொப்புளமா வரலாம், அதுவும் முகூர்த்தத்தன்னிக்கு. மெஹந்தி வைக்க வர்றவங்ககிட்ட இப்பவே சொல்லிடுங்க. ஊர்ல மருதாணிச் செடி இருக்குமில்லையா, இலையைப் பறிச்சு அரைச்சு ராத்திரி வச்சுக்கங்க, டிசைன் கொஞ்சம் கம்மியா இருந்தாலும் பரவாயில்லை.

முதல்ல போக வேண்டியது தோல் டாக்டர்கிட்ட

வெங்காயம், எலுமிச்சை ரெண்டையும் இன்னிக்கே நிறுத்துங்க, புண்ணான தோல்ல அது இன்னும் எரிச்சலைத்தான் கூட்டும். கிருஷ்ணகிரி, தருமபுரி ரெண்டு ஊர்லயும் அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி இருக்கு, லீவு நாள் பார்த்து தோல் பிரிவு ஓ.பி.ல காட்டுங்க. இப்ப இருக்கற அரிப்புக்கு கொஞ்ச நாளைக்கு க்ரீமோ லோஷனோ குடுப்பாங்க. மெடிக்கல் ஷாப்ல நீங்களா ஸ்டீராய்டு க்ரீம் வாங்கி மாசக்கணக்கா முகத்துல தடவற வேலை மட்டும் வேண்டாம்.

எல்லாம் அடங்கினப்புறம் பேட்ச் டெஸ்ட் பண்ணலாம். சந்தேகப்படற கெமிக்கல்களை முதுகுல சின்னச் சின்னதா ஒட்டி 2 நாள் கழிச்சு எடுத்துப் பார்ப்பாங்க, 4ம் நாள் வாக்குல திரும்பவும் பார்ப்பாங்க. எந்தக் கெமிக்கல்னு அதுல தெரிஞ்சுடும். அங்கயே பண்றாங்களா இல்ல வேற ஊருக்கு எழுதிக் குடுக்கறாங்களான்னு கேட்டுக்கங்க. வீட்லயே காதுக்குப் பின்னாடி டை தொட்டு வச்சுப் பார்க்கற டெஸ்ட், இதுவரைக்கும் ஒண்ணும் வராதவங்களுக்கு. ஏற்கனவே வீங்கினவங்க அதைப் பண்ணக்கூடாது.

இனி முடிக்கு வருவோம்

பழைய முடி திரும்ப வருமான்னு கேட்டிருக்கீங்க. வெளிய தெரியற முடி உயிர் இல்லாதது, கை காயம் ஆறற மாதிரி அது தானா ஆறாது. முடியோட மேல்தோல் நம்ம ஊர் ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கியிருக்கும். பிளீச் போட்டா அந்த ஓடு தூக்கிக்கும், ஹைட்ரஜன் பெராக்சைடு உள்ள போய் கருப்பு நிறமியைக் கரைக்கும். கூடவே முடிக்கு பலம் குடுக்கற கந்தகப் பிணைப்புகளையும் உடைக்கும், மேல இருக்கற மெல்லிசான எண்ணெய்ப் படலத்தையும் கழட்டிடும். அதனாலதான் தண்ணியை உறிஞ்சிக்கிட்டு நீளுது, காஞ்சா சிக்கு விழுது. அது மேல அயர்ன் சூடு, அது மேல கருப்பு டை. மூணும் கொஞ்ச மாசத்துக்குள்ள. நீங்க வீட்ல ஏதோ சரியா கவனிக்காம விட்டதால இது ஆகலை, இத்தனையைத் தாங்கற முடி ரொம்பக் கம்மி.

ஆனா வேர் உயிரோட இருக்கு. முடி மாசத்துக்கு சுமாரா 1 சென்டிமீட்டர் வளரும், ஆடிக்கு அப்புறம் வளர்ந்தது பிளீச் படாத முடி. அதைத்தான் காப்பாத்தணும். கீழ இருக்கறதை முடிஞ்சவரைக்கும் சிக்கில்லாம ஓட்டிக்கிட்டு, கொஞ்சம் கொஞ்சமா வெட்டிக்கிட்டே வரணும். தைக்குள்ள இன்னும் 3 சென்டிமீட்டர் வரும், அவ்வளவுதான், அதுக்கு மேல வரும்னு யார் காசு கேட்டாலும் குடுக்காதீங்க. தோள் வரைக்கும் புது முடியா வர ரெண்டரை மூணு வருசம் ஆகும்.

எவ்வளவு வெட்டறது? என் அபிப்பிராயம், நுனி ரொம்ப மெலிஞ்சு போயிருக்கறதால இப்பவே முதுகு பாதி வரைக்கும் ஏத்தி வெட்டிடுங்க. வெட்டாம விட்டா நுனில பிளக்கறது மேல மேல ஏறிக்கிட்டே போகும். இடுப்பு வரைக்கும் முடி இருந்ததைப் பார்த்துத்தான் மாமியாருக்குப் பிடிச்சதுன்னு எழுதியிருக்கீங்க, அந்த வருத்தம் எனக்குப் புரியுது. கல்யாணத்தன்னிக்கு எப்படியும் சவுரி வச்சுத்தான் பூ ஜடை பின்னுவாங்க, நீளம் யாருக்கும் தெரியாது. ஜடையோட மொத்த கனமும் உங்க முடில தொங்காம மேல கொண்டைல பின் பண்ணிக் கட்டச் சொல்லுங்க. க்ரிம்பிங், டாங்ஸ், பேக் கோம்பிங் எதுவும் வேண்டாம்னு மேக்கப் பண்றவங்ககிட்ட ட்ரையல் அன்னிக்கே கறாரா சொல்லிடுங்க. நிறம் திட்டுத் திட்டா தெரிஞ்சா, தண்ணி பட்டா போயிடற ரூட் டச்சப் பவுடர் கிடைக்குது, அதுல பெரும்பாலும் இரும்பு ஆக்சைடு நிறமிதான். அதையும் டாக்டர்கிட்ட காட்டிட்டு, முழங்கை உள்பக்கம் ரெண்டு மூணு நாள் தடவிப் பார்த்துட்டு போடுங்க.

வீட்ல பண்ண வேண்டியது

தேங்கா எண்ணெய் நல்லது, நிஜமாவே நல்லது. 2003ல வந்த ஒரு ஆராய்ச்சில தேங்கா எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூணையும் வச்சுப் பார்த்ததுல, முடியோட புரதம் அலசல்ல போறதைக் குறைச்சது தேங்கா எண்ணெய் மட்டும்தான், அது முடிக்குள்ள இறங்கக்கூடியது. தலைக்கு ஊத்தறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி முடியோட நீளத்துல மட்டும் தடவுங்க. மண்டைல புண் ஆறற வரைக்கும் வேர்ல எண்ணெய் வைக்காதீங்க, தேய்ச்சு மசாஜும் வேண்டாம், ஒகேனக்கல் போனா அங்க எண்ணெய் தேய்ச்சு விடறவங்ககிட்டயும் இப்போதைக்கு தலையைக் குடுக்காதீங்க.

சீயக்கா, அரப்பு ரெண்டும் நம்ம பக்கம் தலைமுறையா போடறதுதான், நல்ல முடிக்கு ஒண்ணும் பண்ணாது. ஆனா பொடியாக் கரைச்சுத் தேய்ச்சா அந்தத் திப்பி உங்க முடியை உரசி இன்னும் சிராய்க்கும், அலசினாலும் சிக்குல மாட்டிக்கும். கொஞ்ச மாசத்துக்கு வாசனை கம்மியா இருக்கற மைல்ட் ஷாம்பூ, வாரத்துக்கு ரெண்டு தடவை போதும். ஷாம்பூ மண்டைக்கு, கண்டிஷனர் நீளத்துக்கு. கண்டிஷனர் ஒவ்வொரு தடவையும் கட்டாயம் போடணும், தூக்கி நிக்கற அந்த ஓடுகளைப் படிய வைக்கறது அதுதான். உடைஞ்ச பிணைப்பைச் சரி பண்ணும்னு பாண்ட் ரிப்பேர்ங்கற பேர்ல விக்கற பொருள்கள்ல சிலது கொஞ்சம் பலன் தரும், ஆனா விலைக்கு ஏத்த பலனான்னு கேட்டா, உங்க சம்பளத்துல வருசம் பூரா வாங்கற அளவுக்கு இல்லைன்னுதான் சொல்வேன்.

குளிச்சுட்டு வந்து துண்டால பட்டுபட்டுன்னு அடிச்சு உலர்த்துவாங்களே, அதை விட்டுடுங்க. நனைஞ்ச முடிக்குத் தான் பலம் கம்மி. பழைய காட்டன் துணில ஒத்தி எடுங்க, பெரிய பல்லு சீப்பால நுனில இருந்து ஆரம்பிச்சு மேல வாங்க. கம்பெனில கேப் போடறதுக்காக ஈர முடியை இறுக்கிக் கொண்டை போடறதும் அறுக்கும். சாம்பிராணிப் புகை, ஹேர் ட்ரையர் ரெண்டும் இப்ப வேண்டாம்.

ஃபுளோரைடா காரணம்?

கிருஷ்ணகிரி, தருமபுரின்னு நம்ம ரெண்டு மாவட்டத்துலயும் நிலத்தடித் தண்ணில ஃபுளோரைடு அதிகம்ங்கறது உண்மைதான், அதுக்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்துச்சு, 2013ல திறந்தாங்க. ஆனா ஃபுளோரைடு கெடுக்கறது பல்லையும் எலும்பையும், அதுவும் குடிக்கறதால. தலைக்கு ஊத்தறதால முடி அறுந்தா அதுக்கு ஃபுளோரைடு மேல பழி போட முடியாது. தண்ணில இருக்கற உப்பு, அதாவது கால்சியம் மெக்னீசியம், அது வேற கதை. பிளீச் பண்ணின முடி அதை அதிகமா இழுத்து வச்சுக்கும், முடி விறைப்பா சொரசொரன்னு ஆகும். ஷாம்பூ நுரை வரலைன்னா உப்புத் தண்ணின்னு தெரிஞ்சுக்கலாம். கடைசி அலசலுக்கு மட்டும் ரெண்டு சொம்பு மழைத் தண்ணியோ ஆர்.ஓ. தண்ணியோ ஊத்துங்க. மாசம் ஒரு தடவை, உப்பைப் பிடிச்சு இழுக்கற இடிடிஏங்கற கெமிக்கல் இருக்கற கிளாரிஃபையிங் ஷாம்பூ போட்டா படிஞ்ச உப்பு கழண்டுடும், அன்னிக்கு கண்டிஷனர் கொஞ்சம் தாராளமா போடுங்க.

போடாக்ஸ், மொட்டை, மாத்திரை

ஹேர் போடாக்ஸ்ல, முகச் சுருக்கத்துக்கு ஊசியா போடற அந்த போடாக்ஸே கிடையாது. முடி மேல பூச்சு பூசி சூடு வச்சு அழுத்தறது, சில வாரம் பளபளன்னு இருக்கும், சூடு பட்ட முடி அடில இன்னும் கெடும். கெரட்டின் பண்றப்ப கண் எரிஞ்சுதுன்னீங்களே, சூடு பட்டா ஃபார்மால்டிஹைடுங்கற கண்ணை எரிக்கற வாயுவை வெளிவிடற பொருளா இருந்திருக்கலாம். அதுக்கு பதிலா இப்ப நிறைய வர்ற கிளையாக்சிலிக் ஆசிட் கலந்த ஸ்ட்ரெய்ட்னிங்ல திடீர்னு கிட்னி பாதிச்ச கேஸ்கள் வெளிநாட்டு மருத்துவப் பத்திரிகைகள்ல வந்திருக்கு. உங்க மண்டைத் தோல் இப்ப திறந்த நிலைல இருக்கு. 8000 ரூபாயை வச்சுக்கங்க, சேலைக்கு ஆகும்.

மொட்டை போட்டா அடர்த்தி கூடாது. எத்தனை முடி, எவ்வளவு தடிமன்ங்கறதெல்லாம் தோலுக்குள்ள இருக்கற வேர் முடிவு பண்றது, கத்தி அங்க போறதே இல்லை. முளைக்கறப்ப நுனி மொட்டையா இருக்கறதால தடிமனா தோணும், அவ்வளவுதான். தீர்த்தமலைல வேண்டுதல் இருந்தா அது உங்க நம்பிக்கை, அதுல நான் தலையிடலை, புண் ஆறினப்புறம் போங்க.

கொத்துக் கொத்தா கொட்டுதுன்னும் எழுதியிருக்கீங்க. விழுந்த முடியை வெளிச்சத்துல பாருங்க. ஒரு முனைல வெள்ளையா சின்ன முண்டு இருந்தா வேர்ல இருந்து விழுந்தது, இல்லைன்னா நடுவுல அறுந்தது. ஒரு நாளைக்கு 50ல இருந்து 100 வரைக்கும் வேரோட விழறது எல்லாருக்கும் உள்ளதுதான். முண்டோட நிறைய இருந்தா அதுக்கும் கலருக்கும் சம்பந்தம் இல்லாம இருக்கலாம், நைட் ஷிப்ட்ல ராத்திரி சாப்பாடே டீயும் பன்னும்தான்னு சொல்றீங்க, அதனால ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்புல சேர்ந்திருக்கற இரும்புச் சத்து அளவு), தைராய்டு பார்த்துடுங்க. பயோட்டின்ங்கற விட்டமின் மாத்திரையை யாரோ சொன்னாங்கன்னு சாப்பிடறீங்க, அந்தக் குறைபாடு இல்லாதவங்களுக்கு அது உதவும்னு நல்ல ஆதாரம் இல்லை, அதோட தைராய்டு ரிசல்ட்டையே தப்பா காட்ட வச்சுடும், டெஸ்ட்டுக்குப் போறப்ப அதைச் சாப்பிடறதை லேப்லயும் டாக்டர்கிட்டயும் சொல்லி, எத்தனை நாள் முன்னாடி நிறுத்தணும்னு கேட்டுக்கங்க. முட்டை, பருப்பு, கீரை, ராகிக் களி, இதுக்கு மேல எந்த மாத்திரையும் டாக்டர் சொன்னா மட்டும்.

பார்லர் மேல புகார் குடுக்கலாமா

குடுக்கலாம். காசு வாங்கிட்டுப் பண்ற சேவைல குறை இருந்தா 2019ம் வருசத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல வழி இருக்கு, நடந்த நாள்ல இருந்து 2 வருசத்துக்குள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துல போடலாம், நீங்க குடியிருக்கற மாவட்டத்துலயே போடலாம். முதல்ல தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் பண்ணிக் கேளுங்க. ஜிபே மெசேஜ், வாட்ஸ்அப்ல அவங்க பேசினது, முன்னாடி பின்னாடி போட்டோ, எதையும் அழிக்காதீங்க. ஒரு சிக்கலையும் சொல்லணும், கருப்பு டை நீங்களா வீட்ல போட்டது, அவங்க அதைக் காட்டி தப்பிக்கப் பார்ப்பாங்க. அதனால டாக்டர் எழுத்துல எது எதால வந்ததுன்னு இருந்தா உங்க பக்கம் பலம்.

கடைசியா மாப்பிள்ளை வீடு. முடிக்கு கலர் போட்டதையெல்லாம் யாருக்கும் விளக்கிக்கிட்டு இருக்க வேண்டியதில்லை, அது உங்க தலை, உங்க காசு. ஆனா அலர்ஜியை மட்டும் மாப்பிள்ளைகிட்டயும் மாமியார்கிட்டயும் கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லிடுங்க, ஏன்னா நலங்குக்கு மெஹந்தி வாங்கிட்டு வர்றது அவங்களா இருக்கலாம், நாளைக்கு நரை தெரிஞ்சா ஆசையா டை பாக்கெட் எடுத்துட்டு வந்து குடுக்கறதும் அவங்களா இருக்கலாம். "எனக்கு டை ஒத்துக்காது, டாக்டர் தொடவே கூடாதுன்னுட்டாங்க"ன்னு ஒரே வரில சொன்னா போதும். அந்த டை பாக்கெட் அட்டையை மட்டும் தூக்கிப் போட்டுடாதீங்க, ஓ.பி.க்குப் போறப்ப கையோட எடுத்துட்டுப் போங்க, பின்னாடி இருக்கற கெமிக்கல் லிஸ்ட் டாக்டருக்குத் தேவைப்படும்.